உடம்புக்குள் ஒரு தந்தி ஆபீஸ்!

ரத்தக் கொதிப்பு ஏன் வருகிறது? மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே உள்ள ஊர், பருத்திப்பட்டு. இந்த ஊருக்கு அழகு, ஏரி. 2019-ம் ஆண்டில் ஏரியைச் சீர்படுத்தி, கரையில் பூங்காவும் நடைபாதையும் அமைத்தார்கள். காலை வேளையில் அங்கே நடப்பதற்கென்றே பலர் வருகிறார்கள். பெரியவர்கள் வருகிறார்கள். தாய்மார்களும் வருகிறார்கள்.

எதற்காக இந்த நடை? சிலருக்குச் சர்க்கரை. சிலருக்குத் தொந்தி. பலருக்கு ரத்தக் கொதிப்பு.

இது பருத்திப்பட்டின் கதை மட்டும் அல்ல. 2020-ம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. 18 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தார்கள். 100 பேரில் ஏறக்குறைய 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது!

அதைவிட அதிர்ச்சியான கணக்கு ஒன்று உண்டு. ரத்தக் கொதிப்பு உள்ள 100 பேரை எடுத்துக் கொண்டால், அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7 பேர்தான்!

மருந்து இல்லையா? இருக்கிறது. விலை அதிகமா? அதுவும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். பிறகு ஏன் இந்த நிலை?

காரணம் இரண்டு. ரத்தக் கொதிப்பு வலிக்காது. ஆகையால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர், ‘‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது!’’ என்று மாத்திரையை நிறுத்தி விடுகிறார்கள்.

மாத்திரை உள்ளே போய் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், அதை நிறுத்த யாருக்கும் மனம் வராது. அந்த வேலையைப் பார்ப்போம்.

ரத்தம் கொதிக்கிறதா?

ரத்தக் கொதிப்பு என்று பெயர்தான் இருக்கிறதே தவிர, ரத்தம் கொதிப்பது இல்லை. அதன் சூடும் ஏறுவது இல்லை. ஏறுவது அழுத்தம்.

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அப்போது குழாயின் சுவரில் ஏற்படும் அழுத்தமே ரத்த அழுத்தம். 120-க்கு 80 என்றால் நல்லது. 140-க்கு 90 என்ற அளவையோ, அதற்கு மேலோ, மறுபடி மறுபடி சோதித்தும் காட்டினால் அது வியாதி.

அழுத்தம் எப்படி ஏறுகிறது? ஏரிப் பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஏரியிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விட மதகு உண்டு. மதகைத் திறந்து மூட ஓர் ஆள் உண்டு. பல ஊர்களில் அவருக்கு ‘நீர்க்கட்டி’ என்று பெயர். அவர் மதகை இறக்கினால் தண்ணீர் தேங்கி, உள்ளே அழுத்தம் கூடும்.

நம் உடம்பிலும் கோடிக்கணக்கான மதகுகள் இருக்கின்றன. அவைதான் சிறு ரத்தக் குழாய்கள். ஒவ்வொரு குழாயையும் மோதிரம் போலத் தசை சுற்றியிருக்கிறது. தசை இறுகினால் குழாய் சுருங்கும். தசை தளர்ந்தால் குழாய் விரியும்.

குழாய் கொஞ்சம் சுருங்கினால் போதும், விளைவு பெரிது. குழாயின் அகலம் பாதியாகக் குறைந்தால், ரத்த ஓட்டத்துக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு ஆவது இல்லை. 16 மடங்கு ஆகிறது!

அந்தத் தடையை மீறி ரத்தத்தைத் தள்ள வேண்டிய பொறுப்பு இதயத்துக்கு. ஆண்டுக்கணக்கில் இப்படித் தள்ளினால் இதயம் களைத்துப் போகும். மூளையில் குழாய் வெடித்தாலோ அடைத்தாலோ பக்கவாதம். சிறுநீரகத்தின் நுண்ணிய சல்லடைகள் கிழிந்தால் அதுவும் செயல் இழக்கும்.

மூடு! திற!

மதகை மூடும்படி உத்தரவு போடுவது யார்?

உடம்பில் உள்ள உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக் கொள்கின்றன. அந்தச் செய்திகளை எழுத்தில் எழுதுவது இல்லை, ரசாயனத்தில் எழுதுகின்றன. நாட்டில் தந்தி சேவை 2013-ம் ஆண்டு ஜூலையோடு முடிந்துவிட்டது. உடம்புக்குள் இருக்கும் தந்தி ஆபீசுக்கு மட்டும் ஒரு விநாடிகூட விடுமுறை கிடையாது.

கோபம் வந்தால், பயம் வந்தால், நரம்பு முனைகள் ‘நார்அட்ரினலின்’ என்ற ரசாயனத்தைக் கக்குகின்றன. ‘‘ஆபத்து! குழாயை இறுக்கு! இதயமே, வேகமாக அடி!’’ என்பது அந்தத் தந்தி.

இன்னொரு தந்தி சிறுநீரகத்திலிருந்து புறப்படுகிறது. ரத்த அழுத்தம் குறைந்தாலும், உடம்பில் உப்பு குறைந்தாலும், சிறுநீரகம் ‘ரெனின்’ என்ற பொருளை வெளியிடும். 1898-ம் ஆண்டிலேயே ஸ்வீடன் நாட்டில் திகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். முயலின் சிறுநீரகத்தை அரைத்து, அந்தச் சாற்றை வேறொரு முயலுக்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். அந்த முயலின் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது!

ரெனின் நேராகக் குழாய்க்குப் போவது இல்லை. கல்லீரல் அனுப்பும் ஒரு புரதத்தை அது வெட்டுகிறது. வெட்டிய துண்டை, நுரையீரலில் அதிகமாக உள்ள ‘ஏ.சி.இ.’ என்ற நொதி இன்னொரு முறை வெட்டுகிறது. கடைசியில் கிடைக்கும் சிறு துண்டுக்கு ‘ஆஞ்சியோடென்சின்’ என்று பெயர். குழாயை இறுக்குவதில் அது பொல்லாத சூரன். ‘‘உப்பை வெளியே விடாதே!’’ என்ற உத்தரவும் அதனால் பிறக்கிறது.

கதவைத் தாண்டாத சேவகர்

இந்தத் தந்தியை உயிரணு எப்படி வாங்கிக் கொள்கிறது?

தந்திச் சேவகர் வீட்டுக்குள் வருவது இல்லை. வாசலில் நின்று கதவைத் தட்டுவார். வீட்டில் இருப்பவர் வாங்கிப் படித்து உள்ளே போய்ச் சொல்லுவார். உயிரணுவிலும் அதுதான் நடக்கிறது.

உயிரணுவின் மேல்தோலில் பூட்டுப் போன்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஆஞ்சியோடென்சினுக்கு ஒரு பூட்டு. நார்அட்ரினலினுக்கு ஒரு பூட்டு. சாவி பொருந்தியதும், பூட்டின் உட்பக்கம் அசைகிறது. அங்கே ‘ஜி புரதம்’ என்ற காவலாள் விழித்துக் கொள்கிறான். அவன் உள்ளே உள்ள வேறு சில ரசாயனங்களை எழுப்புகிறான். அவை ‘இரண்டாவது தூதர்கள்’. ஒரு சாவி பல தூதர்களை எழுப்பும். அதனால் வெளியே கிசுகிசுத்த செய்தி, உள்ளே தமுக்கு அடித்தது போல முழங்கும்!

தசை அணுவில் அந்த முழக்கத்தைக் கேட்டதும் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, குபுகுபு என்று பெருகுகிறது. கால்சியம் பெருகினால் தசை இறுகும். குழாய் சுருங்கும். அழுத்தம் ஏறும்.

இரண்டாவது தூதரை முதலில் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி எர்ல் சதர்லாண்ட். 1971-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜி புரதத்தைக் கண்டுபிடித்த கில்மன், ராட்பெல் இருவருக்கும் 1994-ல் பரிசு. பூட்டுகளை ஆராய்ந்த லெப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012-ல் பரிசு. ஒரே பாதையைத் துப்புத் துலக்கியதற்கு மூன்று நோபல் பரிசுகள்!

குழாயை விரிக்கச் சொல்லும் தந்தியும் உண்டு. ரத்தக் குழாயின் உள்தோல் ‘நைட்ரிக் ஆக்சைடு’ என்ற வாயுவை உண்டாக்குகிறது. ‘‘தளர்ந்து கொடு’’ என்பது அதன் செய்தி. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், நோபல் பரிசை ஏற்படுத்திய ஆல்பிரெட் நோபல், வெடிமருந்தில் சேரும் நைட்ரோகிளிசரினால் பணக்காரர் ஆனவர். கடைசிக் காலத்தில் அவருடைய இதய நோய்க்கு டாக்டர்கள் அதே நைட்ரோகிளிசரினை எழுதிக் கொடுத்தார்கள். அது உடம்புக்குள் போய் இந்த வாயுவைத்தான் வெளிவிடுகிறது!

மூடச் சொல்லும் தந்தியும் திறக்கச் சொல்லும் தந்தியும் சரிசமமாக இருந்தால் அழுத்தம் ஒழுங்காக இருக்கும். வயது, உப்பு, உடல் பருமன், மது, பரம்பரை என்று பல காரணங்கள் சேர்ந்து, மூடச் சொல்லும் தந்திகள் பெருத்துப் போனால் ரத்தக் கொதிப்பு வருகிறது.

சென்னையின் பங்கு

பூட்டின் வடிவம் தெரிந்தால்தானே அதை அடைக்கக் கச்சிதமான மருந்து செய்யலாம்? ஆஞ்சியோடென்சின் பூட்டின் வடிவத்தை 2015-ல் விஞ்ஞானிகள் படம் எடுத்துக் காட்டினார்கள்.

அப்படி எந்தப் புரதத்தின் வடிவத்தை யார் வரைந்தாலும், ‘வரைந்தது சரியா?’ என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு உலகம் முழுவதும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று பெயர். சென்னைப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-ல் வெளியிட்ட கணக்கு அது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளையலாம், எந்தக் கோணங்களில் வளையாது என்பதை அது சொல்கிறது. இன்றும் புது மருந்து தேடுகிறவர்கள் சென்னைக் கணக்கைப் புரட்டித்தான் ஆக வேண்டும்!

பாம்புக்கடி வேர்

பூட்டும் சாவியும் தெரிவதற்கு முன்பே, ஒரு தந்திக் கம்பியை அறுக்க இந்திய நாட்டு வைத்தியர்கள் வழி கண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கை கொடுத்தது சர்ப்பகந்தா என்ற செடியின் வேர்.

பாம்புக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் அந்த வேரைக் கொடுப்பது வழக்கம். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், ‘‘இந்த வேர் ரத்தக் கொதிப்பையும் குறைக்கிறது’’ என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து சில சத்துகளைப் பிரித்து எடுத்தார்.

உலகத்தின் காதில் அது விழவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு வேரைக் கொடுத்துச் சோதித்த முடிவை பிரிட்டிஷ் இதய நோய்ப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். அதன் பிறகே மேல்நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-ல் சுவிட்சர்லாந்தில் ‘சீபா’ கம்பெனி விஞ்ஞானிகள் வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்ற மருந்தைப் பிரித்தார்கள். 1957-ல் டாக்டர் வக்கீலுக்கு அமெரிக்காவின் புகழ் பெற்ற லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ரெசர்பின் என்ன செய்கிறது? நரம்பு முனையில் நார்அட்ரினலின் சிறு சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. பைக்குள் அது நுழையும் வழியை ரெசர்பின் அடைத்து விடுகிறது. பை காலி! தந்தி ஆபீசில் தாளே இல்லை என்றால் தந்தி எப்படிப் போகும்?

ஆனால் மூளையிலும் இதே பைகள் உண்டு. அளவு மீறினால் மனச்சோர்வு வரும் என்று தெரிந்தது. அதனால் டாக்டர்கள் வேறு மருந்துகளைத் தேடினார்கள்.

பாம்பு கொடுத்த மருந்து

பாம்புக்கடிக்குக் கொடுத்த வேர் ரத்தக் கொதிப்புக்கு மருந்தாயிற்று. அடுத்து, பாம்பின் விஷமே மருந்தாயிற்று!

பிரேசில் நாட்டில் ‘ஜரராக்கா’ என்று ஒரு விரியன் பாம்பு உண்டு. அது கடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து விடும். அந்த நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ பெரைரா 1960-களில் அதன் விஷத்தை ஆராய்ந்து, லண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வுக் கூடத்துக்குக் கொண்டு போனார். ஆஞ்சியோடென்சினைச் செதுக்கும் ஏ.சி.இ. நொதியின் கையை விஷம் கட்டிப் போடுகிறது என்று தெரிய வந்தது.

அமெரிக்காவில் ‘ஸ்க்விப்’ கம்பெனியைச் சேர்ந்த குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர், அதே வேலையைச் செய்யும் சிறு மருந்தை உருவாக்கினார்கள். அதுதான் ‘காப்டோபிரில்’. 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் அதன் தம்பிகள்.

இந்த மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். இருமலை உண்டாக்கக் கூடிய வேறொரு பொருளை அழிப்பதும் அதே நொதியின் வேலை. நொதியைக் கட்டிப் போட்டால் அந்தப் பொருள் தேங்குகிறது. இருமலுக்குப் பயந்து மாத்திரையை வீசி எறிய வேண்டியது இல்லை. டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். ஆஞ்சியோடென்சின் பூட்டையே அடைக்கும் லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை அந்த மாற்று மருந்துகள். அவற்றால் இருமல் வருவது அபூர்வம்.

மற்ற மாத்திரைகளும் இப்படித்தான். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் கம்பியை அறுக்கிறது.

அட்டெனோலால் வகை மாத்திரை, இதயத்தில் உள்ள நார்அட்ரினலின் பூட்டை அடைக்கிறது. இந்த வகையை முதலில் உருவாக்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார்.

அம்லோடிபின், தசை அணுவுக்குள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது. செய்தி வந்தாலும் தசை முன்போல இறுகாது.

தயசைடு வகை மாத்திரை, தேங்கிய உப்பைச் சிறுநீரில் வெளியே தள்ளுகிறது.

கிராமத்துப் பெண்களின் சாதனை

இவ்வளவு விஞ்ஞானமும் ஏழை வீட்டு வாசலுக்கு வருமா? ‘‘வரும்’’ என்று காட்டிய இடம் பருத்திப்பட்டுக்கு வெகு தூரத்தில் இல்லை. பூந்தமல்லி போய், பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம்தான் அது.

சென்னையின் பிரபல சிறுநீரக டாக்டர் எம்.கே.மணி ஒரு கணக்குப் போட்டார். சிறுநீரகம் கெட்ட பிறகு ரத்தச் சுத்திகரிப்பு, மாற்றுச் சிறுநீரகம் என்று செலவிட எத்தனை பேருக்கு வசதி உண்டு? கெடாமல் காப்பதே வழி. கெடுப்பதில் முன்னிற்பவை சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும்.

1990-களின் பிற்பகுதியில், சென்னை ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமங்களில் வேலையைத் தொடங்கியது. உள்ளூரில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 25 ஆயிரம் மக்கள்!

வியாதி உள்ளவர்களுக்கு என்ன மருந்து? இருப்பதிலேயே மலிவானது. ரத்தக் கொதிப்புக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின். இவற்றோடு, மேல்நாட்டார் மூலையில் போட்டிருந்த நம் சர்ப்பகந்தாவின் ரெசர்பின்! சிறிய அளவில், கண்காணிப்போடு கொடுத்தார்கள்.

மருந்து எடுத்துக் கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ரத்த அழுத்தம் கட்டுப்பட்டது. செலவு? மக்கள் தொகையில் தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்கூட ஆகவில்லை. 2003-ல் சர்வதேசச் சிறுநீரக மருத்துவப் பத்திரிகை இந்த முடிவை வெளியிட்டது.

மருந்து பழையது. விலை குறைந்தது. ஆனால் வீடு தேடிப் போனார்கள், விடாமல் கொடுத்தார்கள். வெற்றிக்குக் காரணம் அதுதான்.

அயப்பாக்கத்திலிருந்து நாடு முழுவதும்

இந்தப் பாடம் பெரிய அளவிலும் நிரூபிக்கப்பட்டது. அதற்கும் இந்தப் பகுதிக்கும் தொடர்பு உண்டு.

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தேசிய நோய்ப் பரவல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1999-ல் அமைக்கப்பட்டது. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஒருங்கிணைத்தது இந்த நிலையம்தான்.

திட்டத்தில் மாயம் ஒன்றும் இல்லை. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒரே வகை மாத்திரை. முதலில் இது, போதாவிட்டால் அது என்று ஒரே வரிசை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கணக்கு. மாத்திரை வாங்க வராதவரைத் தேடிப் பிடிப்பது. 2022-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு போனார்கள். 2023-24-ல் மறுபடியும் மாநில ஆய்வு நடந்தது. கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 100-க்கு 7 பேர் என்று இருந்த கணக்கு, 17 பேர் என்று உயர்ந்திருந்தது!

உயர்வு நல்லதுதான். மீதி 83 பேர்?

நிறுத்தினால் என்ன ஆகும்?

‘‘பத்து நாள் மாத்திரை சாப்பிட்டேன். 130-க்கு 80 வந்துவிட்டது. குணமாகி விட்டது!’’ என்று சொல்பவர்கள் உண்டு.

குணமாகவில்லை. தந்தி ஆபீஸ் அப்படியே இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து அடித்துக் கொண்டேதான் இருக்கிறார்கள். மாத்திரை, கம்பியை மட்டுமே அறுக்கிறது. அதுவும் அன்றைக்கு மட்டும்! உடம்பு மருந்தைக் கரைத்து வெளியேற்றியதும் கம்பி மறுபடி ஒட்டிக் கொள்கிறது.

சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது பேராபத்து. அட்டெனோலால் வகையை எடுத்துக் கொள்ளுங்கள். பல நாள் பூட்டு அடைபட்டுக் கிடந்தால், ‘தந்தி வரவில்லையே!’ என்று உயிரணு இன்னும் பல பூட்டுகளைச் செய்து வாசலில் மாட்டி வைக்கும். அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தினால்? எல்லாப் பூட்டுகளிலும் சாவி ஒரே சமயத்தில் விழும். இதயம் தறிகெட்டு ஓடும். மாரடைப்புக்கூட வரலாம்.

‘‘ஒரு வியாதிக்கு எதற்கு இரண்டு, மூன்று மாத்திரை?’’ என்றும் கேட்கிறார்கள். ஒரு கம்பியை அறுத்தால் உடம்பு சும்மா இருப்பது இல்லை. அடுத்த கம்பியில் செய்தி அனுப்புகிறது. உப்பை வெளியேற்றினால் ரெனின் பெருகும். ஆகவே இரண்டு இடங்களில் சிறிது சிறிதாக அறுப்பது, ஓர் இடத்தில் பெரிதாக அறுப்பதைவிட நல்ல பலன் தரும்.

நாளைய மருந்து

தினமும் மாத்திரை போடும் தொல்லைக்கு முடிவு வருமா? முயற்சி நடக்கிறது.

ஆஞ்சியோடென்சினுக்கு மூலப் பொருளான கல்லீரல் புரதத்தை உண்டாக்கும் உத்தரவையே மறிக்கும் ஊசி மருந்து ஒன்று சோதனையில் இருக்கிறது. அதன் பெயர் ‘சிலிபெசிரான்’. ஒரு தடவை போட்டால் ஆறு மாதம் வரை வேலை செய்ததாக 2023-ல் வந்த சோதனை முடிவு கூறியது.

இன்னொரு தந்தியும் அகப்பட்டது. ‘எண்டோதெலின்’ என்ற பொருள், குழாயை இறுக்குவதில் கெட்டிக்காரன். 1988-ல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பூட்டை அடைக்கும் ‘அப்ரோசிடென்டான்’ என்ற மாத்திரைக்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வேறு மருந்துகளுக்கு அடங்காத கொதிப்புக்கு மட்டும் அது.

இன்று செய்ய வேண்டியது

நாளைய மருந்து வரும்போது வரட்டும். இன்று செய்ய வேண்டியது என்ன?

18 வயது ஆன ஒவ்வொருவரும் ரத்த அழுத்தம் பார்த்துக் கொள்ள வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாமலே வருஷக்கணக்கில் இருக்கும் வியாதி இது.

உப்பைக் குறைக்க வேண்டும். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுவதாக நாடு தழுவிய ஆய்வு ஒன்று காட்டியது. ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை.

நடை நல்லது. எடை குறைந்தால் இன்னும் நல்லது. ஆனால், ‘‘நடக்கிறேனே, மாத்திரை எதற்கு?’’ என்று சொந்தமாக முடிவு செய்யக் கூடாது. குறைப்பதும் கூட்டுவதும் டாக்டர் வேலை.

அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போட்டுக் கொள்ளவும் கூடாது. முக்கியமாகக் கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டும். எனலாபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் வகை மருந்துகள் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக் கொள்ள வேண்டும்.

வேரிலிருந்தும் விஷத்திலிருந்தும் மருந்து எடுத்து, நூறு ஆண்டு ஆராய்ச்சியை ஒரு சின்ன மாத்திரைக்குள் அடைத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள் விஞ்ஞானிகள். அதை வேளை தவறாமல் வாயில் போட்டுக் கொள்ளும் ஒரே ஒரு வேலைதான் நமக்கு மிச்சம். அந்த ஒரு வேலையை யாரும் நமக்காகச் செய்ய முடியாது!